காட்டைப் படிக்கப் போகும் பிள்ளைகள்: எந்தக் கல்லூரி, ஏன்?

எமது சங்கத்தின் புத்தாண்டு மலரில் ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவர் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி எழுதுவார். மருத்துவம், பொறியியல், கணினி, வங்கி எல்லாம் எழுதியாகிவிட்டது. இம்முறை மலர்க்குழுத் தம்பி ரெலிபோன் எடுத்து, "அண்ணை, நீங்கள் ஏதாவது சரித்திரம் எழுதித் தாங்கோ" என்று கேட்டார். சரித்திரத்தையும் படிப்பையும் ஒன்றாகவே எழுதலாம் என்று நினைத்தேன். வனவியல் பட்டப்படிப்புக்கு எந்தக் கல்லூரியைத் தெரிவு செய்வது என்பதுதான் நான் எடுத்துக்கொண்ட விஷயம். எங்கள் மூன்றாம் தலைமுறைப் பிள்ளைகள் சிலர் இப்போது இந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். பெற்றோருக்கோ என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.

காட்டை ஒரு விஞ்ஞானமாகப் படிப்பித்த முதல் பள்ளிக்கூடங்கள் பல, நாங்கள் அகதிகளாக வந்து சேர்ந்த இந்த யேர்மனியில்தான் தோன்றின. அந்தக் கதையைத் தெரிந்துகொண்டால், இன்று எந்தக் கல்லூரி என்ற கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

வெள்ளிக்கு விறகு

சக்சன் நாட்டில் ஃபிரைபெர்க் என்று ஒரு ஊர். (தெற்கே கறுப்புக் காட்டுப் பக்கம் உள்ள ஃபிரைபுர்க் வேறு.) அங்கே வெள்ளிச் சுரங்கங்கள் இருந்தன. சுரங்கத்துக்கு முட்டுக் கொடுக்க மரம் வேண்டும், வெள்ளியை உருக்கக் கரி வேண்டும். நூற்றாண்டுக் கணக்கில் வெட்டியதில் சுற்றியிருந்த காடுகள் மொட்டையாகின. சுரங்க நிர்வாகத்தில் பெரிய அதிகாரியாக இருந்த ஹன்ஸ் கார்ல் ஃபொன் கார்லோவிட்ஸ் 1713இல் ஒரு தடித்த புத்தகம் வெளியிட்டார். வளர்வதற்கு மேல் வெட்டக்கூடாது, வெட்டினால் நடவேண்டும் என்பதே அதன் சாரம். எங்கள் ஊரில் விதைநெல்லைக் குத்தித் தின்னாதே என்று சொல்வார்களே, அதே புத்திதான். இன்று தொலைக்காட்சியில் எதற்கெடுத்தாலும் சொல்கிற 'நாக்ஹால்டிக்கைட்' என்ற சொல்லின் வேர் இந்தப் புத்தகத்தில்தான் இருக்கிறது. அந்த எண்ணம் காட்டில் உள்ள பாசத்தால் வந்ததல்ல. வெள்ளி உருக்க விறகு இல்லாமல் போகுமே என்ற பயத்தில் வந்தது.

பிறகு அனுபவமுள்ள காட்டு அதிகாரிகள் தங்கள் வீடுகளிலேயே மாணவர்களை வைத்துப் படிப்பிக்கத் தொடங்கினார்கள். 1789இல் ஹுங்கன் என்ற இடத்தில் கெயோர்க் லூட்விக் ஹார்டிக் ஒரு பள்ளி நடத்தினார். ஹைன்றிக் கொட்டா தான் முதலில் நடத்திய பள்ளியை 1811இல் ட்ரெஸ்டனுக்குப் பக்கத்தில் உள்ள தாராண்டுக்குக் கொண்டுவந்தார். 1816இல் அது அரச அக்கடமியாகியது. கொட்டாவின் 80ஆவது பிறந்தநாளுக்கு அங்கே 80 ஓக் மரங்கள் நட்டார்கள். அடுத்த வருடம், 1844இல், அவரை அந்த மரங்களுக்கு நடுவில்தான் அடக்கம் செய்தார்கள். தாராண்டில் இன்றும் வனவியல் படிப்பிக்கிறார்கள். அது இப்போது ட்ரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஒரு பகுதி.

நகரமா, காட்டருகா?

இங்கேதான் இருநூறு வருடத்துப் பழைய சண்டை ஒன்று தொடங்குகிறது. வனவியலை எங்கே படிப்பிப்பது? 1821இல் பேர்லினில், பல்கலைக்கழகத்தோடு சேர்த்து, ஒரு வனவியல் அக்கடமி உருவானது. அதன் பொறுப்பாளர் வில்ஹெல்ம் ஃபைல். பேர்லின் தெருவில் காட்டுக்கு எங்கே போவது? 1830இல் அவர் பள்ளியை நகரத்துக்கு வடகிழக்கே உள்ள ஏபெர்ஸ்வால்டவுக்குக் கொண்டுபோய்விட்டார். மரத்தைப் பார்த்துத்தான் மரத்தைப் படிக்கவேணும் என்பது அவர் கட்சி.

கீசன் நகரம் மறுபக்கம் போனது. அங்கே 1825இல் தொடங்கிய வனவியல் கல்வி 1831இல் பல்கலைக்கழகத்துக்குள் சேர்ந்தது. இரசாயனத்தில் புகழ்பெற்ற லீபிக் அந்தக் காலத்தில் அங்கேதான் படிப்பித்தார். மண்ணும் தாவரமும் கணிதமும் தெரியாதவன் காட்டை நிர்வகிக்க முடியாது, அதற்குப் பல்கலைக்கழகம் வேண்டும் என்பது இவர்கள் கட்சி.

காலப்போக்கில் பல்கலைக்கழகக் கட்சி ஓங்கியது. 1878இல் மியூனிக் பல்கலைக்கழகத்தில் வனவியல் வந்தது. கார்ல்ஸ்றூவில் இருந்த வனவியல் பிரிவு 1920இல் ஃபிரைபுர்க் பல்கலைக்கழகத்துக்குப் போனது. ஏபெர்ஸ்வால்டவைக் கிழக்கு யேர்மன் அரசு 1963இல் மூடியது. இரண்டு யேர்மனியும் சேர்ந்த பிறகு, 1992இல், அது ஃபாக்ஹோக்ஷூலே, அதாவது தொழில்சார் உயர்கல்லூரியாகத் திரும்பத் திறக்கப்பட்டது. இன்று பிள்ளைகள் 'ஊனியோ, ஃபாக்ஹோக்ஷூலேயோ' என்று கேட்பது, ஃபைலும் கீசன்காரரும் போட்ட அதே சண்டையின் தொடர்ச்சிதான்.

இங்கிருந்து எங்கள் பக்கத்துக்கு

எங்கட ஆட்கள் கவனிக்கவேண்டிய பகுதி இது. பிரித்தானியருக்குக் கப்பல் கட்டவும் ரெயில் தண்டவாளத்துக்குச் சிலிப்பர் கட்டை போடவும் தேக்கு வேண்டியிருந்தது. ஆனால் காட்டைப் படித்த ஆட்கள் அவர்களிடம் இல்லை. ஆகவே யேர்மனியரைக் கூப்பிட்டார்கள். பொன் நகரில் தாவரவியல் படிப்பித்துக்கொண்டிருந்த டீற்றிக் பிராண்டிஸ் 1856இல் பர்மாவின் பெகு காடுகளுக்குப் பொறுப்பாகப் போனார். யானை மேல் இருந்தபடி, கையில் தடிகளை வைத்துக்கொண்டு, கண்ட தேக்கு மரத்தின் பருமனுக்கு ஏற்ற தடியில் கத்தியால் ஒரு வெட்டுப் போட்டு எண்ணினாராம். 1864இல் அவர் இந்தியா முழுவதற்கும் முதலாவது காட்டுத் தலைமை அதிகாரியானார். அவருக்குப் பிறகு வந்த ஷ்லிக், ரிபென்ட்றொப் இருவரும் யேர்மனியரே. ஷ்லிக் படித்தது நான் மேலே சொன்ன கீசனில்.

பிராண்டிஸ் சென்னை மாகாணத்துக்கும் வந்து காடுகளைப் பார்த்து அறிக்கை எழுதினார். 1882இல் சென்னைக் காட்டுச் சட்டம் வந்தது. கிராமங்களுக்கென்று தனிக் காடுகள் ஒதுக்கவேண்டும் என்று பிராண்டிஸ் வற்புறுத்தினார். ஆனால் அரசாங்கம் ஒதுக்கியது பெரும்பாலும் தனக்குத்தான். ஆடு மாடு மேய்த்த இடம், விறகு பொறுக்கிய இடம் எல்லாம் அனுமதி கேட்டுப் போகவேண்டிய இடமாகியது. இலங்கையிலும் இதே கதைதான். உறுதி காட்ட முடியாத காணியெல்லாம் முடிக்குரியது என்று 1840ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. 1885இல் காட்டுச் சட்டம் வந்தது. சேனை வெட்டிப் பயிர் செய்தவன் ஒரு நாளில் குற்றவாளியானான்.

அந்தக் காலத்திலும் எந்தக் கல்லூரி என்பது பெரிய கேள்வி. மேல் பதவிக்குப் பெரும்பாலும் ஐரோப்பாவில் படித்த வெள்ளைக்காரர். அவர்களை முதலில் யேர்மனிக்கும் பிரான்சில் நான்சிக்கும் அனுப்பினார்கள். 1885 முதல் இங்கிலாந்தில் கூப்பர்ஸ் ஹில்லிலும், 1905 முதல் ஒக்ஸ்போர்ட்டிலும் படிப்பித்தார்கள். 1878இல் தொடங்கிய டேராடூன் பள்ளியும் 1912இல் தொடங்கிய கோயம்புத்தூர்க் கல்லூரியும் உள்ளூர்க்காரரைக் கீழே ரேஞ்சர் பதவிகளுக்குத் தயார் செய்தன. ஒருவன் எங்கே படித்தான் என்பதே அவன் எந்தக் கதிரையில் இருப்பான் என்பதைத் தீர்மானித்தது.

"திரும்பவும் காட்டுக்கோ?"

என் மூத்த மகளின் மகள் போன வருடம் அபிட்டூர் முடித்தாள். வனவியல் படிக்கப்போகிறேன் என்றாள். வீட்டில் ஒரு வாரம் ஒரே கதைதான். என் மனைவியின் அக்கா 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டு, பிறகு வன்னியில் காட்டோரம் தறப்பாள் கொட்டிலில் இருந்தவா. அவா சொன்னா: "பாம்புக்கும் செல்லுக்கும் பயந்து காட்டுக்குள்ள கிடந்தனாங்கள் பிள்ளை. நீ திரும்பவும் காட்டுக்கோ?"

படிப்பில் வேட்டை அனுமதிப் பத்திரமும் எடுக்கவேண்டி வரலாம் என்று தெரிந்ததும் என் மகளுக்கு இன்னும் பயம். "பெட்டை துவக்குத் தூக்கவேணுமோ?" துவக்கு என்றால் எங்கள் வீடுகளில் என்ன நினைவு வரும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இங்கே மான் பெருகினால் இளங்கன்றுகளைக் கடித்துத் தின்றுவிடும், காடு தானாக முளைக்காது, அதனால்தான் வேட்டையும் காட்டுவேலையில் ஒன்று என்று பேத்தி பொறுமையாக விளக்கினாள். பெரியம்மம்மா கடைசியில் கேட்டது ஒரு கேள்விதான்: "அப்ப முதிரை, பாலை, வீரை எல்லாம் படிப்பிப்பினமோ?" எங்கள் வன்னி மரங்களின் பெயர்களை அந்தப் பிள்ளை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டு எழுதி வைத்தாள்.

நாங்கள் காட்டை ஒளிக்கிற இடமாகவும் ஓடுகிற வழியாகவும் பார்த்தவர்கள். இந்தப் பிள்ளைகளுக்கு அது நூறு வருடம் முன்னே யோசித்துச் செய்கிற வேலை. காணியும் மரமும் விட்டுவிட்டு வந்த சனத்தின் பிள்ளைகள் அந்த வேலைக்குப் போவதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

வரிசையில் நட்ட மரங்கள்

யேர்மன் வனவியலும் பிழை விடாததல்ல. சீக்கிரம் வளரும், நல்ல விலை போகும் என்று ஃபிக்டே என்ற ஊசியிலை மரத்தைப் பல இடங்களில் வரிசை வரிசையாக நட்டார்கள். மியூனிக் பேராசிரியர் கார்ல் கையர் 1886இலேயே கலப்புக் காடு வேண்டும் என்று எழுதினார். ஏபெர்ஸ்வால்டவில் அல்ஃபிரெட் மொய்லர் 1922இல், காட்டை மொத்தமாக வெட்டாமல் எப்போதும் காடாகவே வைத்திருக்கவேண்டும் என்று ஒரு நூல் வெளியிட்டார். பலர் கேட்கவில்லை. 2018இலிருந்து வந்த வரட்சியும் பட்டை வண்டும் சேர்ந்து, 2021 ஏப்ரலுக்குள் ஏறத்தாழ 5 இலட்சம் ஹெக்டேயர் காட்டை அழித்தன. ஹார்ட்ஸ் மலைப் பக்கம் காரில் போனவர்களுக்குத் தெரியும், மலை மலையாகச் சாம்பல் நிறத்தில் செத்த மரங்கள். அவற்றுக்குப் பதிலாக எந்த மரத்தை வளர்ப்பது என்பதுதான் இன்றைய மாணவர்களின் பாடம்.

தெரிவு செய்யும்போது

இனிக் காரியத்துக்கு வருவோம். யேர்மனியில் ஃபிரைபுர்க், கொய்ட்டிங்கன், மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், ட்ரெஸ்டன் (தாராண்ட்) ஆகிய நான்கு இடங்களில் இதைப் பல்கலைக்கழகப் படிப்பாகப் படிக்கலாம். றொட்டன்பூர்க், வைஹென்ஸ்டெபான், கொய்ட்டிங்கன், ஏபெர்ஸ்வால்ட, ஏர்ஃபூர்ட் ஆகிய இடங்களில் தொழில்சார் உயர்கல்லூரிகள் இருக்கின்றன.

முதலாவது, பிள்ளைக்கு என்ன வேலை விருப்பம் என்று கேளுங்கள். ஒரு காட்டுப் பகுதிக்குப் பொறுப்பான பொய்ர்ஸ்ரராக வெளியில் நின்று வேலை செய்ய ஆசை என்றால் தொழில்சார் உயர்கல்லூரி நேரான வழி. ஆராய்ச்சியோ, இலாகாவின் மேல் பதவியோ என்றால் மாஸ்டர் வரை போகவேண்டும். அரச சேவைக்குப் போகிறவர்களுக்குப் பட்டத்துக்குப் பிறகும் பயிற்சிக் காலம் உண்டு. மேல் பதவிக்கு அது இரண்டு வருடமளவில்.

இரண்டாவது, கடவுச்சீட்டு. நிரந்தர அரச உத்தியோகத்தராக (பேயாம்டர்) நியமனம் பெறப் பொதுவாக யேர்மன் அல்லது ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமை வேண்டும். அது இல்லாதவர்களும் ஒப்பந்த ஊழியராக வேலை செய்யலாம். பழைய காலத்தில் கதிரையைக் கல்லூரி தீர்மானித்தது என்றேன். இப்போது அதில் ஒரு பங்கு கடவுச்சீட்டுக்கும் உண்டு. குடியுரிமை எடுக்கத் தகுதியுள்ள பிள்ளைகள் படிப்பு முடியும்வரை காத்திராமல் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

மூன்றாவது, காசு. ஃபிரைபுர்க்கும் றொட்டன்பூர்க்கும் உள்ள பாடன்-வூர்ட்டம்பேர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிற மாணவர்களிடம் ஒரு தவணைக்கு 1500 ஒயிரோ வாங்குகிறது. ஆனால் இங்கேயே அபிட்டூர் எடுத்த பிள்ளைகளுக்கு அது இல்லை. "வெளிநாட்டுக்காரருக்குக் காசு கட்டவேணுமாம்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு விண்ணப்பிக்காமல் விடாதீர்கள்.

நாலாவதுதான் எனக்கு முக்கியம். கல்லூரியைச் சுற்றி என்ன காடு இருக்கிறது என்று பாருங்கள். ஏபெர்ஸ்வால்டவைச் சுற்றி மணல் நிலமும் கீபர் மரமும். ஃபிரைபுர்க்குக்கு மலைக்காடு. கொய்ட்டிங்கனைச் சுற்றிப் பூகெ மரங்கள். மூன்று வருடம் கால் நடக்கப்போகும் காடு அது. என் பேத்தி இரண்டு இடத்துக்கும் போய்ப் பார்த்துவிட்டு, ஃபிரைபுர்க்கை விட்டு ஏபெர்ஸ்வால்டவைத் தெரிவு செய்தாள். இன்னொரு பிள்ளைக்கு மற்றது பொருந்தலாம்.

சித்திரை பிறந்து இரண்டு கிழமையில் இந்த நாட்டில் பூகெ மரங்கள் புதிதாக இலை விடும். இந்தப் படிப்பில் ஆசையுள்ள பிள்ளை வீட்டில் இருந்தால், அந்த நேரம் கல்லூரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். மண்டபத்தில் தருகிற கடதாசியை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பாமல், அவர்கள் படிப்பிக்கிற காட்டுக்குள்ளும் ஒருக்கா நடந்து பாருங்கள். வயது போனவர்களையும் கூட்டிக்கொண்டு போவது நல்லது.

அனைவருக்கும் இனிய புத்தாண்டு வாழ்த்துகள்.