பகிடியாகப் பிறந்த நோய்

1995இல் நியூயோர்க் மனநல மருத்துவர் ஐவன் கோல்ட்பேர்க் ஒரு பகிடி விட்டார். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் அதற்கு முந்தைய ஆண்டுதான் மனநோய்களுக்கான தன் தடித்த கையேட்டைப் புதுப்பித்திருந்தது. அதைக் கிண்டல் செய்ய அதே நடையில் ‘இணைய அடிமைத்தனக் கோளாறு’ என்று ஒன்றைக் கற்பித்து இணையத்தில் போட்டார். இணையத்தைப் பற்றிக் கனவு காண்பது ஓர் அறிகுறியாம்; விரல்கள் தாமாகவே தட்டச்சடிப்பதுபோல் அசைவது இன்னொன்றாம். சிரிப்பார்கள் என்று பார்த்தால், தங்களுக்கும் அந்த நோய் இருப்பதாகச் சிலர் அவருக்கே எழுதினார்கள்.

அடுத்த ஆண்டு டொரொன்டோவில் நடந்த உளவியலாளர் மாநாட்டில் கிம்பர்லி யங் இதே விடயத்தைப் பகிடியில்லாமல் ஆய்வுக் கட்டுரையாக வாசித்தார். அவருடைய எட்டுக் கேள்விகளும் சூதாட்ட நோய்க்கான அளவுகோலைத் தழுவியவை. பொருத்தம்தான்; இரண்டிலும் கடினமானது நிறுத்துவதுதான். 2006இல் கணினித் திரை வடிவமைப்பாளர் அசா ராஸ்கின் முடிவே இல்லாமல் உருண்டுகொண்டிருக்கும் திரையை வடிவமைத்தார். பக்கம் முடிந்தால் கை நிற்கும். முடியாத பக்கத்தில் கை எங்கே நிற்பது? பின்னாளில் அவரே அதற்காக வருந்தினார்.

இலங்கையில் இணையம் விற்பனைக்கு வந்ததும் அதே 1995இல்தான். கொழும்பிலிருந்து இரத்தினபுரி ஏறக்குறைய நூறு கிலோமீற்றர். ஆனாலும் அந்தப் பக்கத்துச் சப்பிரகமுவத் தோட்ட லயங்களில் இணையம் வீட்டுச் சாமானாக மாற, அதற்குப் பிறகு கால் நூற்றாண்டு பிடித்தது. கொழும்புக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் தீபாவளிக்குக் கொண்டுவந்த போன்களை விட்டுவிடுவோம். 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடம் வட்ஸ்அப்பில் வரும், சூமில் வரும் என்றார்கள். பலாங்கொடையில் கொழுந்து பறிக்கிற அம்மாவும் யட்டியாந்தோட்டையில் ரப்பர் பால் வெட்டுகிற அப்பாவும் கடன்பட்டாவது போன் வாங்க வேண்டியதாயிற்று. பிள்ளைகள் சிக்னல் தேடி மேட்டுக்கு ஏறினார்கள். 2021இல் கிராமங்களுக்குக் கோபுரம் அமைக்கும் அரசின் ‘கமட்ட சன்னிவேதனய’ திட்டம் முதலில் எடுத்துக்கொண்டதும் இரத்தினபுரி மாவட்டத்தைத்தான்.

பள்ளிக்கூடம் திறந்தது. போன் கையிலேயே தங்கிவிட்டது, பாடம் இருந்த இடத்தில் டிக்டொக்கும் ஃப்ரீ ஃபயரும் குடியேறின. ஒரே காம்பராவில் குடும்பமே படுக்கிற வீட்டில் நடுராத்திரித் திரை வெளிச்சம் ஒருவன் தூக்கத்தை மட்டும் கெடுப்பதில்லை. விடிந்ததும் வேலைப் பெரட்டுக்கு ஓடவேண்டிய அம்மாவின் தூக்கமும் அதோடு போகிறது. “எந்நேரமும் போனையே நோண்டிக்கிட்டு இருக்கான்” என்று திட்டுகிறோம். பொழுது சாய்ந்தபின் அவன் போய் உட்கார ஒரு வாசிகசாலை உண்டா, பந்தடிக்க ஒரு திடல் உண்டா என்று யாரும் கேட்பதில்லை. கசிப்பு தோட்டத்துக்குள் வந்தபோதும் குடித்தவனைத்தான் திட்டினோம், விற்றவன் தப்பித்துக்கொண்டான்.

2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், இணைய விளையாட்டுக்கு அடிமையாவதும் ஒரு நோய். கட்டுப்பாடு கைமீறுவது, மற்ற எல்லாவற்றையும்விட விளையாட்டே பெரிதாவது, கேடு தெரிந்தும் விடமுடியாமல் இருப்பது: இவை ஏறக்குறைய ஓராண்டாவது நீடித்தால்தான் அந்தப் பெயர். ஒரு வார லீவில் போனும் கையுமாக இருக்கிற பிள்ளைக்கு நோயாளிப் பட்டம் கட்டிவிடாதீர்கள். சாப்பாடு, தூக்கம், படிப்பு எல்லாம் மாதக்கணக்கில் குலைந்துபோனால் மட்டும் தாமதிக்க வேண்டாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம்.