லட்சுமிக்கு எழுந்த தொழுவம்

போன வாரம் திருவண்ணாமலைக் கோயிலின் பதினோரு நிலை ராஜகோபுரத்தின் 217 அடியை அண்ணாந்து பார்த்தோம். இந்த வாரம் செங்கம் சாலையில் ரமணாசிரமத்துக்குள் நுழைந்து ஒரு மாட்டுத் தொழுவத்தைப் பார்ப்போம்.

1926-ல் குடியாத்தத்தை அடுத்த குமாரமங்கலம் அருணாசலம் பிள்ளை, பசு ஒன்றையும் அதன் கன்றையும் ரமண மகரிஷிக்குக் கொடுத்தார். கன்றுதான் லட்சுமி. ஆசிரமத்தில் மாடு கட்ட வசதியில்லை, சிறுத்தை பயம் வேறு. ஊருக்குள் ஒரு வீட்டில் விட்டார்கள். லட்சுமியோ காலையில் தானே ஆசிரமத்துக்கு நடந்து வந்து, பொழுது சாய்ந்ததும் திரும்பிப் போகும்.

பிற்பாடு ஆசிரமத்திலேயே கட்டுவதென்று ஆனபோது, நிர்வாகம் பார்த்த ரமணரின் தம்பி சின்னசுவாமி (நிரஞ்சனானந்தர்) சிறியதாக ஒன்று போதும் என்றார். நம் பக்கத்துச் சம்சாரி வீட்டுக் கொட்டகை எப்படி இருக்கும்? நாலு மரக்கால், மேலே ஓலை, ஓரமாகக் காடி, தும்பு கட்ட முளைக்குச்சி, கோமியம் வடியச் சற்றுச் சரிந்த தரை. அவ்வளவுதான். கையில் காசில்லாத நேரத்தில் சின்னசுவாமி கேட்டதில் தப்பே இல்லை.

ரமணர் கணக்கு வேறு. மாடுகள் பெருகும், பெரிதாகவே கட்டு என்று கட்டட வேலை பார்த்த அண்ணாமலை சுவாமியிடம் சொன்னார். சொன்னது நான் என்று வெளியே விடாதே என்றும் சேர்த்துச் சொன்னார்! திட்டு முழுக்க அண்ணாமலை சுவாமிக்கு. பாவம், வாயைத் திறக்காமல் சுவரை எழுப்பினார். லட்சுமிக்குத் தொழுவம் கட்டினால் புத்தகக் கடையும் சாப்பாட்டுக் கூடமும் தன் தாயார் கோயிலும் அந்தப் புண்ணியத்தில் தானே வரும் என்பது ரமணர் வாக்கு.

கிரகப்பிரவேச நாளில் லட்சுமி ரமணர் முன்னால் போய்ப் படுத்துக்கொண்டது. அவர் எழுந்து முன்னே நடந்த பிறகுதான் பின்னாலேயே உள்ளே போனது.

ரமணர் சொன்னபடியே 1938-ல் சாப்பாட்டுக் கூடம் எழுந்தது. 1948 ஜூன் 18-ல் லட்சுமி இறந்தது. ஆசிரமத்துக்குள்ளேயே சமாதி வைத்தார்கள். தாயார் கோயில் கும்பாபிஷேகம் 1949 மார்ச் 17-ல்.

தொழுவத்தில் இன்றும் மாடுகள் நிற்கின்றன. கிரிவலம் போகிறவர்கள் ஒரு எட்டு உள்ளே போய்ப் பாருங்கள்.