சுகோமாஜ்ரி: வேலியில்லாத குன்று

சண்டீகரில் 1958-இல் அமைக்கப்பட்ட சுக்னா ஏரி, இருபது ஆண்டுகளுக்குள்ளாகவே வண்டலால் தூர்ந்துகொண்டிருந்தது. மண் வந்த வழியைத் தேடி மேலேறிய மண்வள அறிஞர் பி.ஆர். மிஸ்ரா சென்றடைந்தது, ஹரியானாவின் சிவாலிக் குன்றடியிலிருந்த சுகோமாஜ்ரி என்னும் வறிய சிற்றூரை. ஆடுகள் மேய்ந்து குன்றுகள் மொட்டையாகியிருந்தன. குற்றம் ஆட்டின் மேலா, பசியின் மேலா?

1976-இல் அங்கே சிறு மண்ணணை எழுந்தது. தேங்கிய நீர் நிலமுடையோர்க்கே பயன்படுமெனில், நிலமற்றவர் ஏன் ஆட்டைக் கட்டிப்போட வேண்டும்? நிலமற்றவர் உட்பட ஒவ்வொரு குடும்பத்துக்கும் நீரில் சமபங்கு, வேண்டாதவர் தம் பங்கை விற்கலாம் என்று ஊர்ச்சங்கம் விதி வகுத்த பின்னரே, ஊரார் தாமாகவே குன்றைக் காத்தனர். புல் செழித்தது, ஆடுகள் குறைந்து எருமைகள் பெருகின, ஏரிக்குச் சென்ற வண்டலும் குறைந்தது.

தன்னார்வம் என்று நாம் போற்றுவது, இங்கே பங்கு பெற்றவரின் பொறுப்புணர்வாகவே இருந்தது. பங்கு தராமல் ஏழையிடம் கேட்கும் தொண்டு வெட்டி உழைப்பாகவே முடியும்.