ஷாஸ்தா டெய்சி

இங்கிலீஷ் நாவல் படிக்கிறவர்கள் எல்லாருக்கும் டெய்சிப் பூவைத் தெரியும். கண்ணால் பார்த்தவர்கள் அவ்வளவு பேர் இருக்கமாட்டார்கள். நம் சாமந்திக்கு ஒன்றுவிட்ட சகோதரி என்று சொன்னால் சட்டென்று விளங்கிவிடும். நடுவில் மஞ்சள் பொட்டு, சுற்றிலும் வெள்ளை இதழ். வீட்டில் குழந்தைகள் இருந்தால் ஒரு பூவைக் கொடுத்து அந்தப் பொட்டைப் பிய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அது பொட்டே அல்ல; எத்தனையோ குட்டிப் பூக்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிற கூட்டம். வெள்ளை இதழ் ஒவ்வொன்றும்கூடத் தனிப் பூதான். சாமந்தியிலும் சூரியகாந்தியிலும் இதே வித்தைதான்.

வீட்டுத் தோட்டங்களில் வைக்கிற பெரிய வெள்ளை டெய்சிக்கு ஷாஸ்தா டெய்சி என்று பெயர். ஐயப்பனுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. வட கலிபோர்னியாவில் பனி போர்த்து நிற்கும் ஷாஸ்தா மலையின் வெண்மையை நினைத்து, லூதர் பர்பாங்க் என்ற தோட்டக்காரர் வைத்த பெயர் அது.

பர்பாங்க் 1849-ல் மாஸச்சூஸெட்ஸில் பிறந்தவர். காலேஜ் வாசலை மிதிக்காதவர். டார்வின் புத்தகத்தைப் படித்துவிட்டுச் செடிகளிடம் போனார். உருளைக்கிழங்குச் செடி ஒன்றில் அபூர்வமாகக் காய்த்த ஒரு காயை எடுத்து, அதிலிருந்த 23 விதைகளையும் விதைத்தார். அதில் ஒன்று பிரமாதமான கிழங்கு கொடுத்தது. அதை 150 டாலருக்கு விற்றுவிட்டு, 1875-ல் கலிபோர்னியாவில் ஸாண்டா ரோஸா என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்.

அவர் பிறந்த பக்கத்தில் டெய்சி ஒரு களை. குடியானவன் திட்டிக்கொண்டே பிடுங்கி எறிவான். பர்பாங்க்குக்கோ சின்ன வயது முதல் அதன்மேல் ஆசை. பூ பெரிதாக வேண்டும், அப்பழுக்கில்லாத வெள்ளையாக வேண்டும், நாள் கணக்கில் வாடாமல் நிற்கவேண்டும் என்று மனத்தில் ஒரு சித்திரம் வைத்துக்கொண்டார். ஊர்க் களையோடு ஐரோப்பிய ஜாதிகளைச் சேர்த்தார். கடைசியில், வெண்மைக்காக, ஜப்பான் ஜாதி ஒன்றின் மகரந்தத்தையும் தடவினார். 1884-ல் ஆரம்பித்த காரியம் 1901-ல்தான் விற்பனைக்கு வந்தது. பதினேழு வருஷம்! நாவல்கூட அவ்வளவு நாள் எழுதியதில்லை நான்.

அந்த வருஷங்களில் அவர் செய்தது என்ன? ஆயிரக்கணக்கில் நாற்று வளர்ப்பார். வரிசையோடு நடந்து போய், பிடித்த சிலவற்றை மட்டும் அடையாளம் வைப்பார். பாக்கி அத்தனையும் நெருப்புக்கு. குறிப்பு எழுதி வைக்கிற வழக்கமும் குறைவு. 1905-ல் கார்னெகி ஸ்தாபனம் வருஷத்துக்குப் பத்தாயிரம் டாலர் கொடுத்து, அவர் முறையை எழுதிக்கொள்ள ஒரு விஞ்ஞானியையும் அனுப்பியது. எழுதிக்கொள்ள அதிகம் கிடைக்கவில்லை. சில வருஷங்களில் பணம் நின்றுபோயிற்று. இன்றைய தாவர நூல்கள் பொதுவாக பைரினீஸ் மலை ஜாதி ஒன்றையும், போர்ச்சுகல் ஜாதி ஒன்றையும் மட்டுமே இந்தப் பூவுக்குப் பெற்றோராகச் சொல்கின்றன. ஜப்பான்காரியின் பங்கு சந்தேகத்துக்கு உரியதாகிவிட்டது.

கோடைக்கானலில் என் தங்கை வீட்டில் இந்த விதையைத் தூவினோம். நெருக்கமாக முளைத்திருந்தது, நோஞ்சானாக இருப்பதைப் பிடுங்கிவிடு என்று தங்கை பேத்தியிடம் சொன்னேன். ஏழு வயது. "அது என்ன தாத்தா தப்புப் பண்ணித்து?" என்று கேட்டாள். பிடுங்கியதை எல்லாம் கொட்டாங்கச்சியில் மண் போட்டு நட்டு, திண்ணை முழுக்க வரிசை வைத்துவிட்டாள். பாதிக்குமேல் செத்துப்போயின. மிஞ்சியவற்றில் ஒன்று போல் ஒன்று இல்லை. கலப்பு ஜாதியில் விதை தாயைப் போலவே வராது. தாயைப் போலவே வேண்டுமானால், இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் தூரைப் பெயர்த்துப் பிரித்து நடவேண்டும். நல்ல வெயிலும் நீர் தேங்காத மண்ணும் போதும். சென்னை வெயில் மட்டும் ஆகாது.

பர்பாங்க் 1907-ல் குழந்தை வளர்ப்பைப் பற்றி ஒரு சிறு புத்தகம் போட்டார். பெற்ற குழந்தை இல்லாதவர் எழுதிய புத்தகம். பத்து வயது வரை பள்ளிக்கூடமே வேண்டாம், மண்ணிலும் புல்லிலும் விடுங்கள் என்கிறார். இதைப் படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மேலே படிக்கப் பயமாகவும் இருந்தது. நோஞ்சான் நாற்றைக் கொளுத்துகிற மனிதர் நோஞ்சான் குழந்தையை என்ன செய்யச் சொல்வார்? நல்ல வேளை, கூடவே கூடாது என்கிறார். செடியில் செய்வதைக் குழந்தையிடம் செய்யக்கூடாது, அதற்குத்தான் அதிகப் பரிவு வேண்டும் என்கிறார். ஆனால் அதே புத்தகத்தில், உடலோ மனமோ தகுதியில்லாதவர்களுக்குக் கல்யாணத்தையே தடுத்துவிடலாம் என்றும் எழுதியிருக்கிறார். தகுதியை அளக்கிற கோல் யார் கையில் என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை. அந்தக் காலத்து அமெரிக்காவில் படித்தவர்கள் பலர் இப்படித்தான் பேசினார்கள். 1907-லேயே இந்தியானா ராஜ்யம் சிலருக்குக் கட்டாயக் கருத்தடை செய்யச் சட்டமும் போட்டது. பேச்சோடு நிற்கவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

நம் பரமஹம்ஸ யோகானந்தர் இவருடைய சிநேகிதர். 1946-ல் வெளிவந்த தம் சுயசரிதையை, அமெரிக்க மகான் என்று சொல்லி இவருக்குத்தான் சமர்ப்பித்தார். மகானா என்பது எனக்குத் தெரியாது. பூ அழகான பூ.

1926-ல் பர்பாங்க் காலமானார். ஸாண்டா ரோஸாவில் தம் தோட்டத்திலேயே, தாம் நட்ட தேவதாரு மரத்தடியில் அடக்கம் செய்தார்கள். பின்னால் அந்த மரமும் நோய் கண்டு போயிற்று. தோட்டம் இருக்கிறது, ஊர்ப் பொதுச் சொத்து. யாரும் போய்ப் பார்க்கலாம்.