ஒப்பந்தமும் உதைபந்தும்

விளையாட்டின் சரித்திரம் எனப்படுவது பெரும்பாலும் வென்றோரின் பெயர்ப்பட்டியலாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எவர் கிண்ணத்தை வென்றார், எத்தனை கோல்களைப் போட்டார், எத்தொகைக்கு ஒரு கழகத்திலிருந்து மற்றொரு கழகத்துக்கு மாறினார் என்பவற்றை அது சொல்லும். ஆடுபவன் எவரிடம் வேலை செய்கிறான், எந்நிபந்தனையின் பேரில் வேலை செய்கிறான், தன் வேலையைப் பற்றி வாய்திறந்து பேச அவனுக்கு உரிமை உண்டா என்பவற்றை அது சொல்வதில்லை.

திருகோணமலையின் மெக்கெய்சர் மைதானத்திலும் ஏகாம்பரம் மைதானத்திலும் கடற்கரை மணலிலும் மாலைதோறும் பந்துதைக்கும் எமது மாணவர்க்கு, ஐரோப்பியக் கழகங்களின் ஆட்டக்காரர் பெயர்கள் யாவும் மனப்பாடம். அவர்களுள் ஒருவன் அண்மையில் என்னிடம், "சேர், பந்து விளையாடுறதும் ஒரு வேலையோ?" என்று கேட்டான். தந்தை துறைமுகத்தில் நாட்கூலிக்கு உழைப்பவர் என்பதால், வேலை என்ற சொல்லின் பொருளை அவன் நன்கறிவான். அவனுக்கு உடனே விடை சொல்ல எனக்கு இயலவில்லை. விகாஷ் தொராசூ என்னும் நடுக்கள ஆட்டக்காரரின் வாழ்க்கையைத் தேடிப் படித்தது அவ்விடையின் பொருட்டேயாகும்.

தொராசூ பிரான்ஸ் நாட்டவர். ஆயினும் அவரது குடும்பம் மொறிசியஸ் தீவிலிருந்து அங்கு குடியேறியது. அதன் வேர் ஆந்திரத்துத் தெலுங்கு மக்களிடையே உள்ளது. ஆகவே அவரது கதையை மைதானத்தில் அன்று, கரும்புத் தோட்டத்திலேயே தொடங்குதல் வேண்டும்.

பிரித்தானியப் பேரரசு அடிமை முறையை ஒழித்தபோது, மொறிசியஸ் தோட்ட முதலாளிமாருக்கு மலிவான உழைப்பு வேறு வழியில் தேவைப்பட்டது. 1834 நவம்பரில் 'அற்லஸ்' என்னும் கப்பல் இந்தியக் கூலிகளின் முதற் குழுவொன்றை அத்தீவில் இறக்கியது. அதன்பின் ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுள் கல்கத்தா, சென்னை, பம்பாய்த் துறைமுகங்களிலிருந்து நாலரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கு கொண்டுசெல்லப்பட்டனர். தமிழரும் தெலுங்கரும் பீகாரிகளும் மராத்தியரும் அவருள் அடங்குவர். அடிமைக்கு விலங்கு, இவர்களுக்கு ஒப்பந்தம். ஒப்பந்தத்தை மீறித் தோட்டத்தைவிட்டு நீங்குவது குற்றமாக்கப்பட்டது. ஒரு நாள் வேலைக்கு வராதவனின் கூலியில் இரண்டு நாட் கூலி வெட்டப்பட்டது.

நமது மலைநாட்டுத் தோட்டங்களில் நிலவிய 'துண்டு' முறையும் இதன் உடன்பிறப்பே. தொழிலாளியின் தலையில் இருந்த கடனை யாரேனும் தீர்த்தால் அவனை விடுவிக்கத் தயார் என்று தோட்டத்துரை எழுதிக்கொடுக்கும் சீட்டே துண்டாகும். மற்றொரு துரை பணத்தைக் கட்டுவார். தொழிலாளி தோட்டம் மாறுவான். பணம் ஒரு முதலாளியின் பையிலிருந்து மற்றொரு முதலாளியின் பைக்குப் போகும். மாறியவனுக்கோ பழைய கடன் புதிய இடத்தில் தொடரும். இம்முறை 1921 ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

இதனை இங்கு நினைவுகூர்வதற்குக் காரணம் உண்டு. ஐரோப்பிய உதைபந்தாட்டத் தொழிலும் நெடுங்காலம் ஒருவகைத் துண்டு முறையிலேயே நடந்தது. பிரான்ஸில் தொழில்முறை ஆட்டக்காரன் ஒருவன் கழகத்துடன் ஒருமுறை கையொப்பமிட்டால், முப்பத்தைந்து வயது வரை அக்கழகத்துக்கே உரியவன். கழகம் விரும்பினால் அவனை விற்கலாம். அவன் விரும்பினும் விலக முடியாது. போலந்திலிருந்து வந்த சுரங்கத் தொழிலாளர் குடும்பத்திற் பிறந்து, சிறுவயதில் தாமே சுரங்கத்தில் இறங்கி வேலை செய்து, 1958 இல் ஐரோப்பாவின் தலைசிறந்த ஆட்டக்காரர் எனும் விருதைப் பெற்ற ரேமோன் கோப்பா, 1963 இல் ஆட்டக்காரர்கள் அடிமைகளே என்று வெளிப்படையாகக் கூறினார். அதற்காக அவர் ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளாக்கப்பட்டார்.

ஆனால் தனியொருவரின் குரலால் மட்டும் அம்முறை அசைந்துவிடவில்லை. 1961 இலேயே அந்நாட்டு ஆட்டக்காரர் தமக்கெனத் தொழிற்சங்கமொன்றை அமைத்திருந்தனர். அதனை அமைப்பதில் முன்னின்றவர் கமரூனில் பிறந்த ஆபிரிக்கரான யூஜீன் நிஜோ லேயா. கோப்பாவும் யுஸ்ற் ஃபொன்தேனும் அவருடன் நின்றனர். குடியேற்ற நாட்டின் மகனொருவர் ஆளும் நாட்டின் ஆட்டக்காரரை அணிதிரட்டினார் என்பது மனங்கொள்ளத்தக்கது. 1968 மே மாதத்தில் மாணவரும் தொழிலாளரும் கிளர்ந்தெழுந்தபோது, சாதாரண உதைபந்தாட்டக்காரர் பலர் பாரிஸில் இருந்த சம்மேளனத் தலைமையகத்தையே கைப்பற்றி, ஆட்டம் ஆடுவோருக்கே உரியது என முழங்கினர். 1969 இல் ஆயுட்கால ஒப்பந்தம் ஒழிந்து, காலவரையறை கொண்ட ஒப்பந்தம் வந்தது. பெற்ற உரிமையை முதலாளிகள் பறிக்க முனைந்தபோது 1972 டிசம்பரில் ஆட்டக்காரர் வேலைநிறுத்தம் செய்தனர். மறு ஆண்டு தொழிற்சாசனம் உருவாயிற்று. ஒப்பந்தம் முடிந்த பின்னரும் கழகம் மாறுவதற்குப் பணம் கேட்கும் வழக்கமோ, பெல்ஜிய ஆட்டக்காரரான பொஸ்மன் தொடுத்த வழக்கில் 1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளிக்கும்வரை நீடித்தது. இலங்கைத் தோட்டத்தில் 1921 இல் ஒழிந்தது ஐரோப்பிய மைதானத்தில் ஒழிய மேலும் எழுபத்துநான்கு ஆண்டுகள் சென்றன.

அச்சாசனம் உருவான 1973 ஆம் ஆண்டிலேயே, ஒக்டோபர் 10 ஆம் நாள், தொராசூ பிறந்தார். பிறந்த இடம் லெ ஆவ்ர் துறைமுகத்தை அடுத்துள்ள ஆர்ஃபிளர். திருகோணமலை வாசகர் லெ ஆவ்ரை எளிதிற் புரிந்துகொள்வர். 1942 ஏப்ரலில் நமது துறைமுகத்தின்மீது யப்பானியர் குண்டு வீசினர். 1944 செப்டெம்பரில் லெ ஆவ்ர் குண்டுவீச்சினால் தரைமட்டமாயிற்று. நிலக்கரி சுமப்போர் சங்கத்தின் செயலாளரான யூல் டியூரான் செய்யாத கொலைக்காக 1910 இல் மரணதண்டனை விதிக்கப்பட்டதும், அத்தண்டனை நிறைவேறாதபோதிலும் அவர் சித்தம் கலங்கியதும், 1918 இல் அவர் நிரபராதி என அறிவிக்கப்பட்டதும் அந்நகரின் சரித்திரத்தில் அடங்கும். 1965 முதல் 1995 வரை கம்யூனிஸ்ட் நகரபிதாக்களையே அந்நகர மக்கள் தெரிவு செய்தனர். உதைபந்தாட்டமும் அங்கு கப்பலேறி வந்ததே: ஆங்கிலேயரால் 1872 இல் தொடங்கப்பட்ட லெ ஆவ்ர் கழகம் பிரான்ஸின் மிகப் பழைய கழகமாக எண்ணப்படுகிறது.

அக்கழகத்தில் தொராசூ 1993 முதல் 1998 வரை ஆடினார். நடுக்கள ஆட்டக்காரனின் வேலை பின்னணியையும் முன்னணியையும் இணைப்பது. பிறர் கோல் போட வழி திறப்பது. பெயர் பெறுவது அரிது. 1998 இல் லியோன் கழகம் அவரைப் பெற்றது. 2001–02 பருவத்தில் போர்தோ கழகத்துக்கு இரவலாகக் கொடுக்கப்பட்டார். மனிதனொருவனை இரவல் கொடுத்தல் என்பது இத்தொழிலில் இன்றும் கூச்சமின்றி வழங்கும் சொல்லாகும். லியோனுக்குத் திரும்பி 2003, 2004 ஆம் ஆண்டுகளில் நாட்டின் வெற்றிக்கிண்ணத்தை அக்கழகம் வெல்லப் பங்களித்தார். ஓராண்டு இத்தாலியின் மிலான் கழகத்தில் இருந்தபின், 2005 இல் பாரிஸ் சென் ஜெர்மன் கழகத்திற் சேர்ந்தார். 2006 ஏப்ரலில் நடந்த பிரெஞ்சுக் கிண்ண இறுதியாட்டத்தில், மார்செய் அணிக்கெதிராகத் தொலைவிலிருந்து அவர் அடித்த கோலே வெற்றிக் கோலாயிற்று.

அவ்வாண்டு கோடையில் ஜேர்மனியில் நடந்த உலகக் கிண்ணத்துக்கான பிரெஞ்சு அணியில் அவர் இடம்பெற்றார். இந்திய வம்சாவளியினர் ஒருவர் உலகக் கிண்ண ஆட்டத்தில் இறங்கியது அதுவே முதன்முறை எனப் பத்திரிகைகள் எழுதின. இறங்கியதோ சுவிற்சர்லாந்துக்கும் தென் கொரியாவுக்கும் எதிரான ஆட்டங்களில், மாற்று ஆட்டக்காரராக, மொத்தம் பதினாறு நிமிடங்களே. யூலை 9 ஆம் நாள் பேர்லினில் இத்தாலியிடம் பிரான்ஸ் தோற்ற இறுதியாட்டத்தை அவர் வாங்கிலிருந்தே கண்டார்.

அவ்வாரங்களில் அவர் சிறியதொரு படப்பிடிப்புக் கருவியைக் கையில் வைத்திருந்தார். கலைஞரான ஃபிரெட் பூலே என்பவருடன் சேர்ந்து, விடுதி அறையின் தனிமையையும் நீண்ட நடைபாதைகளையும் காத்திருப்பின் சலிப்பையும் படமாக்கினார். 2007 இல் 'மாற்று ஆட்டக்காரன்' என்னும் பொருள்படும் தலைப்புடன் அப்படம் வெளிவந்தது. உலகமே கொண்டாடும் பெருவிழாவின் நடுவே, தேவைப்படும்வரை ஒதுக்கி வைக்கப்பட்ட உழைப்பாளி ஒருவனின் சாட்சியம் அது. நாளாந்தம் காலையில் துறைமுக வாயிலில், இன்று பெயர் கூப்பிடுவார்களா என்று நின்ற தொழிலாளரின் பிள்ளைகளுக்கு அக்காத்திருப்பை விளக்கத் தேவையில்லை.

படம் வெளிவருமுன்னரே அடி விழுந்தது. பயிற்றுநரைப் பகிரங்கமாக விமர்சித்தார், இரண்டாம் அணியில் ஆட மறுத்தார், பணியாமை காட்டினார் என்னும் குற்றச்சாட்டுகளின் பேரில் 2006 ஒக்டோபரில் பாரிஸ் கழகம் அவரை வேலைநீக்கம் செய்தது. 1973 இன் சாசனத்துக்குப் பின்னர் பிரான்ஸில் இவ்வாறு நீக்கப்பட்ட முதல் ஆட்டக்காரர் அவரே எனப்படுகிறது. அடுத்த ஆண்டு இத்தாலியின் லிவோர்னோ கழகத்திற் சேர்ந்தும் ஓர் ஆட்டம்கூட ஆடாது நீங்கினார். 2008 இல் ஓய்வு பெற்றார்.

இங்கு வாசகர் இரண்டு தடைகளை எழுப்பக்கூடும். பெருஞ்சம்பளம் பெற்ற ஒருவரைத் தொழிலாளி என்பது தகுமா என்பது ஒன்று. கரும்புத் தோட்டக் கூலியின் துயரத்தையும் தொராசூவின் மனத்தாங்கலையும் ஒரே தராசில் நிறுத்துவது பேதைமையே. ஆயினும் தொழிலாளியைத் தீர்மானிப்பது கூலியின் அளவு மட்டுமன்று. தன் உழைப்பின்மீது அவனுக்கு உள்ள அதிகாரமுமாகும். புகழ்பெற்ற ஒருவரையே வாய் திறந்தமைக்காக வெளியேற்ற முடியுமெனில், பெயரறியாத ஆயிரக்கணக்கான ஆட்டக்காரரின் நிலை என்னவாகும்?

மற்றது இதனினும் வலிது: அணிக்குக் கட்டுப்பாடு வேண்டாமா? வேண்டும். கட்டுப்பாடின்றி வேலைநிறுத்தமும் வெல்லாது. ஆனால் தோழர்கள் கூடித் தமக்குத் தாமே விதித்துக்கொள்ளும் கட்டுப்பாடு வேறு. முதலாளி மேலிருந்து விதிக்கும் மௌனம் வேறு. தொராசூவின் குறைபாடு அவர் பேசியதில் இல்லை. தனியே பேசியதில் உள்ளது. 1972 இல் ஆட்டக்காரர் ஒன்றாக நின்று வென்றனர். 2006 இல் தனித்து நின்றவர் வெளியேற்றப்பட்டார். இவ்வேறுபாட்டிலேயே அவரது வாழ்க்கையின் சரித்திரப் பாடம் அடங்கியுள்ளது.

அப்பாடத்தை அவர் தாமே உணர்ந்தார் என எண்ண இடமுண்டு. தன்பாலீர்ப்பினருக்கெதிரான வெறுப்பை மைதானத்தில் எதிர்த்து நின்ற பாரிஸ் கழகமொன்றுக்கு அவர் துணைநின்றார். 2011 இல், ஆட்டம் வாணிபத்துக்கன்று, மகிழ்ச்சிக்கே என்னும் நோக்குடன் 'தத்தான்' என்னும் இயக்கத்தை நண்பருடன் அமைத்தார். 2020 இன் பாரிஸ் நகரசபைத் தேர்தலில் இடதுசாரிப் பட்டியலொன்றின் முன்னணியில் நின்றார்.

நமது நாட்டிலும் இவ்வினா உயிருள்ளதே. நிர்வாகத்தினர் பிணக்கின் விளைவாக 2023 ஜனவரியில் சர்வதேசச் சம்மேளனம் இலங்கையை இடைநிறுத்தியது; அத்தடை ஓகஸ்ட் வரை நீடித்தது. தவறு செய்யாத ஆட்டக்காரர் அம்மாதங்களை இழந்தனர். அவர்களிடம் எவரும் எதுவும் கேட்கவில்லை. மறுபுறம், வேல்ஸில் பிறந்த இலங்கைத் தமிழ்ப் பெற்றோரின் மகனான விமல் யோகநாதன், இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி கழகத்தில் நடுக்கள ஆட்டக்காரராக ஆடியதை எமது மாணவர்கள் பெருமையுடன் பேசுகின்றனர். அப்பெருமை நியாயமானதே. நாளை இக்கரையிலிருந்தும் ஒருவன் ஒப்பந்தத்தில் கையொப்பமிடலாம்.

எனவே அம்மாணவனுக்கு இப்போது விடை சொல்வேன்: ஆம் தம்பி, அதுவும் ஒரு வேலையே. ஆகையால் பந்தை உதைக்கப் பழகு; ஒப்பந்தத்தை வாசிக்கவும் பழகு. பக்கத்தில் வாங்கில் அமர்ந்திருப்பவனின் பெயரையும் அறிந்துகொள். உனக்காகக் குரல் கொடுக்க வேண்டியவனும், நீ குரல் கொடுக்க வேண்டியவனும் அவனே.