இல்லானும் இல்லாளும்: சுவிட்சர்லாந்தில் ஒரு வாக்கெடுப்பு

தமிழில் 'இல்லாள்' என்பவள் வீட்டுக்குரியவள். அதன் ஆண்பாலாகத் தோன்றும் 'இல்லான்' என்ற சொல்லோ வறியவனைக் குறிக்கிறது. இவ்விரு சொற்களையும் மனத்தில் இருத்திக்கொண்டு, 1970இல் சுவிட்சர்லாந்தில் நடந்த ஒரு வாக்கெடுப்பை நாம் நோக்கலாம்.

அந்நாட்டில், 1891ஆம் ஆண்டு ஏற்பாட்டின்படி, 50,000 பேர் கையொப்பமிட்டால் அரசமைப்பில் ஒரு திருத்தத்தை நேராக மக்கள் வாக்குக்குக் கொண்டுவர முடிந்தது. அது நிறைவேற வாக்காளரில் பெரும்பான்மையும் மாநிலங்களில் பெரும்பான்மையும் வேண்டும்.

1960களில் தொழில் பெருகியது, நகரங்கள் வீங்கின, வாடகை ஏறியது. இச்சூழலில், ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதன் வருவாய்க்குத் தக்க செலவில் குடியிருப்பு கிடைப்பதை அரசு உரிமையாக ஏற்க வேண்டும் என்று குடிமக்களின் முன்மொழிவு ஒன்று எழுந்தது. 1970 செப்டம்பர் 27 அன்று ஏறத்தாழ 49 விழுக்காட்டினர் அதனை ஆதரித்தும் அது தோற்றது.

வாக்களித்தவர்கள் அனைவரும் ஆண்களே. பெண்களுக்கு வாக்குரிமை வழங்க 1959இல் மறுத்திருந்த ஆண் வாக்காளர்கள், 1971 பிப்ரவரி 7 அன்றுதான் அதற்கு இசைந்தனர். இடைவெளி ஐந்து மாதங்கள்கூட இல்லை. ஜெனீவாவில் 1960 முதலே மாநில அளவில் வாக்களித்துவந்த பெண்களும் இந்த நாடளாவிய வினாவுக்கு விடைகூற இயலவில்லை. அவர்கள் வாக்களித்திருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று நாம் உறுதியாகக் கூற முடியாது. ஆனால் இல்லத்தைப் பற்றிய வினாவில் இல்லாளிடம் கேட்கப்படவில்லை என்பது வரலாறு.

அத்தோல்வி வீணாகிவிடவில்லை. வீடு கட்டுவதையும் சொந்த வீடு பெறுவதையும் ஊக்குவிக்க நடுவண் அரசுக்கு அதிகாரமளிக்கும் திருத்தம், பெண்களும் வாக்களிக்க, 1972 மார்ச் 5 அன்று நிறைவேறியது. 1974இல் சட்டம் வந்தது. வங்கிகள் தயங்கும் மேற்பகுதிக் கடனுக்கு அரசு பிணை நின்றது. முதல் ஆண்டுகளின் சுமையைக் குறைக்க முன்பணம் தந்து, பின்னர் வட்டியுடன் பெற்றுக்கொண்டது. குறைந்த வருவாயினருக்குத் திருப்பிச் செலுத்த வேண்டாத உதவியும் உண்டு.

இத்திட்டம் ஒரு நம்பிக்கையின்மேல் நின்றது: வருவாயும் வீட்டு விலையும் ஆண்டுதோறும் உயரும் என்பதே அது. 1990களில் அந்நம்பிக்கை பொய்த்தது. ஏறிக்கொண்டே சென்ற தவணையைப் பலரால் கட்ட இயலவில்லை. பிணை நின்ற அரசும் இழப்பைச் சுமந்தது. 2001க்குப் பின் இச்சட்டத்தின்கீழ்ப் புதிய உதவிகள் நின்றன; 2003இல் வேறொரு சட்டம் நடைமுறைக்கு வந்தது.

புதிய குடியிருப்புகளில் பத்தில் ஒரு பங்கேனும் இலாப நோக்கற்றோர்க்கு உரியதாக வேண்டும் என்ற மற்றொரு முன்மொழிவு 2020 பிப்ரவரி 9 அன்று தோற்றது. ஏறத்தாழ 57 விழுக்காட்டினர் எதிர்த்தனர். இம்முறை பெண்களும் வாக்களித்தனர். ஆகவே வாக்குரிமை மட்டுமே வீட்டைத் தந்துவிடும் என்று நாம் எண்ணுவதற்கில்லை.

எனினும் ஒன்று எஞ்சுகிறது. உரிமை கேட்டவர்களுக்குக் கிடைத்தது கடன். உரிமை நாளைய ஊதியத்தை நம்பி நிற்பதில்லை. கடன் அதை மட்டுமே நம்பி நிற்கிறது. இல்லானுக்கு வீடு தருவோம் என்று எந்நாட்டு அரசு கூறினாலும், தரப்படுவது இவ்விரண்டில் எது என்பதை நாம் கேட்டுத் தெளிய வேண்டும்.