கனவும் சுமைதாங்கிக் கல்லும்

கரு கலைந்த பெண்ணுக்கு வரும் கெட்ட கனவு பற்றி ஒரு வரலாற்றுப் பதிவா, கோயில், கல்வெட்டுன்னு எழுதிக்கிட்டிருந்தவனுக்கு என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். வரலாறு இருக்குங்க. நம்ம பக்கத்திலேயே நிறைய இருக்கு.

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிப் பக்கம் பெண்கள் பேசுவதைக் கேட்டவர்களுக்கு இந்தக் கனவு புதுசு இல்லை. மூணாம் மாசமோ நாலாம் மாசமோ கலைஞ்சு போயிருக்கும். சிப்காட்டில் ஷிஃப்டு முடிந்து வந்து படுத்தால் காலித் தொட்டில் ஆடும். எங்கேயோ குழந்தை அழும், தேடினால் கிடைக்காது. மறுபடி கர்ப்பமானால் ரத்தம் பார்த்த மாதிரி கனவு வந்து அலறி எழுந்திருப்பாங்க. இதை வீட்டில் சொன்னால் பெரும்பாலும் வரும் பதில் ஒண்ணுதான். "விடியக்காலைக் கனவு பலிக்கும்டி." என்னைக் கேட்டால், கனவை விட இந்தப் பதில்தான் அதிகம் தூக்கத்தைக் கெடுக்குது.

கனவு பலிக்கும் என்ற நம்பிக்கைக்கு நம்மிடம் வயசு அதிகம். சிலப்பதிகாரத்தில் அதற்கென்றே 'கனாத்திறம் உரைத்த காதை' இருக்கு. கண்ணகி தான் கண்ட கெட்ட கனவைத் தேவந்தியிடம் சொல்வது இதில்தான். நமக்குப் பள்ளிக்கூடத்தில் அதோடு நிறுத்திவிட்டார்கள். ஆனால் அந்தக் காதை ஆரம்பிப்பது ஒரு செத்த குழந்தையில். மாலதி என்ற பெண் மாற்றாள் குழந்தைக்குப் பால் கொடுக்கிறாள், பால் விக்கிக் குழந்தை இறந்துவிடுகிறது. ஊர் என்ன பேசுமோ என்று நடுங்கி, அந்த உடலைத் தூக்கிக்கொண்டு புகார் நகரத்தின் கோயில் கோயிலாக அலைகிறாள். கடைசியில் பாசண்டச் சாத்தன் என்ற தெய்வமே அந்தக் குழந்தையாக வந்து அவள் பயத்தைத் தீர்க்கிறது. அந்தச் சாத்தன் வளர்ந்து மணந்த பெண்தான் தேவந்தி. குழந்தை போன பயத்தையும் கெட்ட கனவையும் இளங்கோ ஒரே காதையில் வைத்திருக்கிறார். தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. கண்ணகி கனவு பலிச்சுதே என்பீர்கள். காப்பியம் ஆச்சே, பலிக்காமல் கதை எப்படி நகரும்?

வைத்தியர்கள் அப்படிப் பார்க்கவில்லை என்பதுதான் சுவாரசியம். சரக சம்ஹிதையின் இந்திரிய ஸ்தானத்தில் கனவை ஏழு வகையாகப் பிரித்திருக்கிறார்கள். பார்த்ததால் வருவது, கேட்டதால் வருவது, அனுபவித்ததால் வருவது, ஆசையால் வருவது, கற்பனையால் வருவது. ஆறாவது வகைதான் வரப்போவதைக் காட்டுவது, ஏழாவது உடம்பில் தோஷம் கெட்டு வருவது. இதில் முதல் ஐந்துக்கும் பலனே கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அப்போ கரு கலைந்தவள் அதைப் பற்றியே கனவு கண்டால் அது எந்த வகை? அனுபவித்தது. பலன் பார்க்கவே தேவையில்லாத வகை! பஞ்சாங்கத்தைப் புரட்டுகிறவர்கள் இந்தப் பக்கத்தையும் புரட்டியிருக்கலாம். கெட்ட கனவுக்குப் பிறகு நல்ல கனவு வந்தால் நல்லதன் பலன்தான் என்றும் அதே அத்தியாயத்தில் இருக்கு.

இப்போ பெரியபாளையம். ஆடி மாசம் வேப்பஞ்சேலை கட்டிக்கொண்டு கூட்டம் கூட்டமாக பவானி அம்மனுக்குப் போவதைப் பார்த்திருப்பீர்கள். ஆரணியாற்றங்கரை அம்மன். தல வரலாற்றுப்படி இவள் யார் தெரியுமா? கண்ணனுக்குப் பதிலாகச் சிறைக்கு வந்து, கம்சன் கையிலிருந்து தப்பி வானத்தில் எழுந்த பெண் குழந்தை. அந்தக் கதையில் தேவகி ஆறு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள். ஏழாவது கரு ரோகிணி வயிற்றுக்கு மாற்றப்பட்டபோது, தேவகிக்குக் கரு கலைந்துவிட்டது என்றுதான் ஊர் அழுதது என்று பாகவதம் சொல்லுது. பிள்ளை போன ஒருத்தி அந்த அம்மன் முன்னால் நின்று அழுதால், கதை தெரிந்தோ தெரியாமலோ சரியான வாசலுக்குத்தான் வந்திருக்கிறாள்.

அடுத்தது தலைப்பில் இருக்கும் கல். பழைய சாலையோரங்களில் இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு பலகைக் கல்லைக் கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையோடு வருகிறவர் இன்னொருவர் கை உதவி இல்லாமல் இறக்கி வைத்துவிட்டு, அதே மாதிரி ஏற்றிக்கொள்ளும் உயரம். தர்மத்துக்கு நட்டது என்பது பாதிக் கதைதான். பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டே இறந்த பெண்ணின் நினைவாகவும் அதை நடுவார்கள். சுமையை இறக்க முடியாமல் போனவளுக்காக, வழியில் போகும் எல்லாரும் ஒரு நிமிஷம் சுமையை இறக்கட்டும் என்று.

பாருங்க, இறந்தவளுக்குக் கல் இருக்கு. கருவை மட்டும் இழந்து உயிரோடு இருப்பவளுக்கு என்ன இருக்கு? பெரும்பாலான வீடுகளில் சடங்கு கிடையாது, துக்கம் விசாரிக்க ஆள் வராது, "அடுத்தது தங்கும், விடு" என்பார்கள். இறக்கி வைக்க இடமில்லாத சுமை ராத்திரியில் வருது. அவ்வளவுதான் என் புரிதல்.

இன்றைய மருத்துவம் சொல்வதும் இதற்குப் பக்கத்தில்தான் வருது. 1953இல் சிகாகோவில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் கண் வேகமாக அசையும் தூக்க நிலையைக் கண்டுபிடித்தார்கள். அந்த நிலையில் நடுவே விழித்தால் கனவு தெளிவாக ஞாபகம் இருக்கும். கர்ப்பிணிகள் ராத்திரியில் அடிக்கடி விழிப்பவர்கள், அதனால் அவர்களுக்குக் கனவும் அதிகம் நினைவில் நிற்குது. 2020இல் லண்டன் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், கரு கலைந்தோ கருக்குழாயில் தங்கியோ இழந்த பெண்களில் 29 சதவீதம் பேருக்கு ஒரு மாதம் கழித்து அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சலின் அறிகுறிகள் இருந்தன. ஒன்பது மாதம் கழித்தும் 18 சதவீதம் பேருக்கு! கெட்ட கனவு அந்த அறிகுறிகளில் ஒன்று. இன்னொன்றையும் அழுத்திச் சொல்லணும். உறுதியான கர்ப்பங்களில் சுமார் 15 சதவீதம் கலைகின்றன. ஆரம்ப மாதங்களில் கலைவதில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் கருவின் குரோமோசோம் கோளாறு. கனவு கண்டதால் எந்தக் கருவும் கலைவதில்லை.

பயக்கனவு திரும்பத் திரும்ப வந்தால் ஒரு வைத்திய முறை இருக்கு. பகலில் விழித்திருக்கும்போது கனவின் முடிவை மாற்றி எழுதி, மாற்றியதை மனதில் தினமும் ஓட்டிப் பார்ப்பது. பின்னால் வரும் நல்ல கனவுக்கே பலன் என்ற சரகரின் வரி எனக்கு உடனே ஞாபகம் வந்தது. இரண்டும் ஒன்று என்று சொல்ல வரவில்லை, அப்புறம் சண்டைக்கு வராதீங்க :-)

கடைசியாக, சிப்காட்டில் வேலை செய்யும் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம். கரு கலைந்தால் அதற்கு மறுநாளிலிருந்து ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்று 1961ஆம் வருட மகப்பேறு பயன் சட்டத்திலேயே எழுதியாச்சு. 2020ஆம் வருட சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதே ஆறு வாரம் இருக்கு. ஈ.எஸ்.ஐ.யில் வருகிறவர்களுக்கு அங்கிருந்து பணம் கிடைக்கும். மருத்துவச் சான்று வாங்கி வைப்பது முக்கியம். லீவு போட்டால் ஏன் என்று கேட்பார்களே என்ற கூச்சத்தில் மூணாம் நாளே வேலைக்குப் போகிறவர்கள் இருக்காங்க. தூக்கம் ரொம்பக் கெட்டால், மனசு தாங்கவில்லை என்றால் 14416க்குப் போன் பண்ணலாம். டெலிமானஸ் என்ற அரசு உதவி எண், 2022இல் வந்தது. இலவசம், தமிழிலும் பேசலாம்.

உங்க ஊர்ப் பக்கம் சுமைதாங்கிக் கல் இன்னும் நிற்குதா? யாருக்காக நட்டதுன்னு பாட்டிமார் யாராவது சொல்லியிருந்தால் பின்னூட்டத்தில் எழுதுங்க.